தேதி மட்டும் மாறிய கடிதம்

பெரிய டாக்டர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கதை முடியும்போது சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள். அந்த அம்மாவுக்குச் சிறுநீரக வைத்தியத்தில் முப்பது வருட அனுபவம். வந்த நோயாளி யார், என்ன உடுத்தியிருக்கிறார் என்று பார்க்காத கை. கோபம் வந்தால் ஐந்து நிமிடம் கத்துவார், ஆறாவது நிமிடம் தானே வந்து "சாப்பிட்டியா?" என்று கேட்பார். அந்த நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் அவருடைய கிளினிக். அவர் வருகிறார் என்றால் லிஃப்டில் நிற்பவர்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள். அப்படிப்பட்டவர் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டார் என்றால் அது கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் யாராவது கண்டுபிடித்துத் தடுத்திருப்பார்கள்.

அந்தப் பெண்ணுக்கு நோயாளிகள் வைத்த பெயர் சின்ன டாக்டர். கிளினிக்கில் உதவியாளர் வேலை. எடை பார்ப்பாள், ரத்த அழுத்தம் குறிப்பாள், ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்து அடுக்கி வைப்பாள், வரிசையில் சண்டை வந்தால் தீர்த்து வைப்பாள். பட்டப்பெயர் கேலிக்கு வைத்ததல்ல, அவள் நிஜமாகவே டாக்டர். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தேசத்தில் படித்துப் பட்டம் வாங்கி, கல்யாணமாகி இங்கே வந்தவள். இந்த ஊரில் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு தலைவலி மாத்திரைகூட எழுத முடியாது. மறுபடி பரீட்சைகள் எழுத வேண்டும். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படித்து எழுதினாள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். அதற்குப் பிறகு ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் ரெசிடென்ட்டாகப் பயிற்சி பெற வேண்டும். அந்த இடம் கிடைத்தால்தான் டாக்டர். கிடைக்காதவரை எடை மெஷின்தான்.

அந்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. வருடத்துக்கு ஒரே தடவை விண்ணப்பம். மதிப்பெண், தன்னைப் பற்றி ஒரு பக்கம், கூட வேலை பார்த்த பெரிய மருத்துவர் எழுதிய சிபாரிசுக் கடிதம், இவை எல்லாம் சேர்ந்து கம்ப்யூட்டர் வழியாக முப்பது நாற்பது ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். பிடித்தவர்களை நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். கடைசியில் தேர்வுக் குழு கூடி, இவர் ஒன்று, இவர் இரண்டு என்று வரிசைப் பட்டியல் போடும். உள்ளூரில் படித்தவர்களே முட்டி மோதுகிற இடத்தில், வெளியே படித்து வந்தவர்களுக்குப் பிடிமானம் அந்தக் கடிதம் ஒன்றுதான். இன்னார் இவளைப் பற்றி என்ன சொல்கிறார் என்றுதான் பார்ப்பார்கள்.

சின்ன டாக்டருக்குக் கடிதம் எழுதியவர் பெரிய டாக்டர். வேறு யார் எழுதுவார்கள்?

விண்ணப்பத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. 'எனக்காக எழுதப்படும் கடிதத்தை நான் படிக்கமாட்டேன்' என்று அதில் சம்மதக் குறி போட வேண்டும். கட்டாயமில்லை. ஆனால் போடாவிட்டால் கடிதத்துக்கு மதிப்பு குறையும். முதல் வருடம், மதியம் சாப்பிடுகிறபோது, அந்தக் கட்டத்தைக் காட்டிப் பெரிய டாக்டர்தான் கேட்டார்.

"யோசிச்சுப் போடு. நான் உன்னைப் பத்திக் கன்னாபின்னான்னு எழுதி வச்சா என்ன பண்ணுவ?"

"அக்கா, நீங்க எழுதறதை நான் சரி பாக்கறதா? அதுக்கு நான் வேற ஜென்மம் எடுக்கணும்." சிரித்துக்கொண்டே குறியைப் போட்டாள்.

நோயாளிகள் முன்னால் மேடம், சாப்பாட்டு நேரத்தில் அக்கா. அது அவர்களுக்குள் தானாக வந்த ஏற்பாடு.

இனி, கடிதம் எழுதிய கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் தையல்காரர் கதையைச் சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

முதல் கடிதத்துக்கு இரண்டு மாதம் முந்தி, ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு நாற்பத்தொரு நோயாளிகள். வயதான தையல்காரர் ஒருவர், சிறுநீரகம் பாதிக்குமேல் போனவர், பரிசோதனைக்கு வந்தார். பெரிய டாக்டர் மேலாக இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். பொட்டாசியம் குறைவு. அதைக் கூட்டுவதற்கு மருந்து எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். அது மூன்று மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட். அன்று காலை வந்த ரிப்போர்ட், அவரே அவசரத்தில் புரட்டியதில், அடியில் போய்க் கிடந்தது. அதில் பொட்டாசியம் ஏற்கெனவே எக்கச்சக்கம்.

சின்ன டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் விஷயம். மனிதர் போகிற வழியில் எடை மெஷினில் ஏறக் காலைத் தூக்க முடியாமல் தடுமாறினார். "காலு மரக்கட்டை மாதிரி இருக்கும்மா" என்றார். அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். மெதுவாக அடித்தது. யாரையும் கேட்காமல் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தாள். கோடுகள் கூர்கூராக எழும்பி நின்றன, பொட்டாசியம் ஏறினால் அப்படித்தான் நிற்கும். அப்போதுதான் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். அந்த மருந்து உள்ளே போனால் வீடு போய்ச் சேருவதற்குள் இருதயம் நின்றிருக்கும்.

வேறு யாராவது என்றால் ஊரைக் கூட்டியிருப்பார்கள். அவள் பெரிய டாக்டர் அறைக்கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு நோயாளியும் அவர் குடும்பமும் உட்கார்ந்திருந்தார்கள். "மேடம், உங்களுக்கு ஒரு போன்" என்றாள். போன் ஒன்றும் வரவில்லை. வெளியே வந்தவர் கையில் ஈ.சி.ஜி. தாளையும் சீட்டையும் வைத்தாள். பெரிய டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தையல்காரர் அன்றே உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டு, பிழைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். தப்பு நடந்ததே யாருக்கும் தெரியாது. அதன் பிறகும் எப்போதாவது, அளவு மாறியோ தேதி மாறியோ ஏதாவது எழுதிவிட்டால், கதவு திறக்கும். "மேடம், உங்களுக்கு ஒரு போன்." அவ்வளவுதான்.

அந்த ஒரு சம்பவம் போதும் அவளுக்கு. எந்த ஆஸ்பத்திரியும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்ளும். பெரிய டாக்டருக்கும் அது தெரியும். கடிதம் எழுத உட்கார்ந்தபோது முதலில் அதைத்தான் எழுதினார். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். அவள் கண்டுபிடித்தாள் என்று எழுதினால், என்னத்தைக் கண்டுபிடித்தாள் என்று கேட்பார்கள். யார் செய்த தப்பு என்று கேட்பார்கள். முப்பது ஆஸ்பத்திரிக்குப் போகிற கடிதம். ஒவ்வொன்றிலும் தெரிந்தவர்கள், கூடப் படித்தவர்கள், இவரிடம் படித்தவர்கள். அந்தப் பத்தியை அழித்தார். அழித்த இடத்தில் வேறு எழுதினார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வருகிறாள். நோயாளிகள் இவள் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். ஒரு ரிப்போர்ட்கூடத் தொலைந்ததில்லை. பொறுமைசாலி, விசுவாசி. கடைசி வரியாக, இவள் இல்லாமல் என் கிளினிக்கை நடத்துவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கடைசி வரி எழுதும்போது அவருக்குக் கண்கூடக் கலங்கியது. மனசாரத்தான் எழுதினார். அதுதான் கொடுமை.

அவருடைய வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மேஜையில் கிடந்த கடிதத்தை எடுத்துப் படித்தார்.

"என்ன இது, யாருக்கோ வீட்டு வேலைக்கு ஆள் சேத்து விடறியா?"

"உங்களுக்கு அல்ஜீப்ரா தெரியும். அதோட நிறுத்திக்கோங்க."

"சரிம்மா. கூட்டல் கழித்தல்தான் எனக்குத் தெரியும். இதுல ஏதோ கழிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளுக்குப் போய்விட்டார்.

அந்த வருடம் எங்கிருந்தும் நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. அடுத்த வருடம் பெரிய டாக்டர் அதே கடிதத்தைத் திறந்து தேதியை மட்டும் மாற்றினார். அதற்கு அடுத்த வருடமும் தேதியை மட்டும் மாற்றினார். இடம் கிடைக்காத ஒவ்வொரு தடவையும் அவருக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை கிளினிக் திறந்து, ரிப்போர்ட்டுகள் அடுக்கி, வரிசை ஒழுங்காக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறபோது, மனசின் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. அந்த மூலைக்குள் அவர் எட்டிப் பார்க்கவே இல்லை.

நாலாவது வருடம் வந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள் சின்ன டாக்டர்.

"இதுதான் கடைசிக்கா. பட்டம் வாங்கிப் பத்து வருஷம் தாண்டிட்டா விண்ணப்பத்தை வாங்க மாட்டாங்க. வர்ற வருஷம் பத்து தாண்டிடும்."

"வரும். இந்தத் தடவை வரும்" என்றார் பெரிய டாக்டர். அன்று மாலை கடிதத்தைத் திறந்தார். இந்தத் தடவையாவது திருத்தி எழுத வேண்டும் என்றுதான் திறந்தார். அதற்குள் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். திரும்பி வந்து தேதியை மாற்றினார், அனுப்பினார்.

அந்த வருடம் அதிசயமாக ஒரே ஒரு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. வேறு எங்கிருந்தும் இல்லை, அவர்கள் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியிலிருந்து. நம் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிற பிள்ளை, முகத்தையாவது பார்ப்போம் என்று கூப்பிட்டார்கள். அடுத்த அதிசயம், தேர்வுக் குழுவில் ஒருவருக்கு முதுகு ஆபரேஷன். துறைத் தலைவர் பெரிய டாக்டரைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் உட்காரச் சொன்னார்.

"என் கிளினிக் பொண்ணு ஒருத்தி விண்ணப்பம் போட்டிருக்கா சார்."

"இங்க யாருக்குத்தான் ஆள் இல்ல? அதுக்குத்தானே விதி வச்சிருக்கோம். கடிதம் எழுதினவங்க அந்த ஃபைல் வர்றப்போ வாயைத் திறக்கக் கூடாது. கடிதம் பேசும், நீங்க பேசக் கூடாது."

சின்ன டாக்டரிடம் சொன்னபோது அவள் முகம் அப்படி மலர்ந்தது. ஏழு வயது மகள் காலண்டரில் நாள் அடித்துக்கொண்டிருக்கிறாளாம், அம்மா எப்போது டாக்டர் ஆவாள் என்று.

"நான் உள்ள இருந்தாலும் பேசக் கூடாதாம், தெரியுமா?" என்றார் பெரிய டாக்டர்.

"நீங்க எதுக்குக்கா பேசணும்? உங்க கடிதம் பேசும்."

நேர்முகம் முடிந்து வந்தவளிடம், எப்படிப் போனது என்று கேட்டார். "நல்லாத்தான் போச்சு" என்றாள். ஒரு கேள்விக்கு மட்டும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றாள். என்ன கேள்வி என்று பெரிய டாக்டர் கேட்கவில்லை. அதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டார்.

தேர்வுக் குழு கூடியது ஏழாவது மாடியில், ஜன்னலில்லாத ஒரு அறையில். நீள மேஜை, சுவரில் திரை, எட்டு டாக்டர்கள், எட்டு காபிக் குவளைகள். நேர்முகம் முடித்தவர்கள் நூற்று நாற்பது பேர், இடம் இருபத்து நாலு. ஒரு ஃபைலுக்கு இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் ஆனதும் ஆபீஸ் அம்மா பேனாவால் குவளையில் தட்டுவார். அந்த அம்மாவுக்கு மரியாதை அதிகம், தட்டினால் துறைத் தலைவர்கூடப் பேச்சைப் பாதியில் முழுங்குவார்.

மதியத்துக்குப் பிறகு சின்ன டாக்டர் ஃபைல் திரையில் வந்தது. தலைவர் விதியை ஞாபகப்படுத்தினார். பெரிய டாக்டர் தலையை ஆட்டினார். ஆபீஸ் அம்மா கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். தான் எழுதியதை இன்னொரு வாய் படித்துக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வருகிறாள். ரிப்போர்ட் தொலைந்ததில்லை. பொறுமைசாலி. விசுவாசி. இவள் இல்லாமல் என் கிளினிக்கை நடத்துவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"நினைச்சுப் பாக்க முடியலன்னா அங்கேயே இருக்கட்டுமே. அவங்க கிளினிக்கை நாம ஏன் கெடுக்கணும்?" என்றார் இருதய டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு இல்லை. மதியத்துக்கு மேல் சிரிக்க ஏதாவது கிடைத்தால் போதும் என்ற சிரிப்பு.

நுரையீரல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் நேர்முகம் செய்தவர். "மதிப்பெண் நல்லாயிருக்கு. பேசினா தெளிவா பேசறாங்க. எனக்குப் பிடிச்சிருந்தது. ஆனா கடிதம் பூரா பாத்தேன், வைத்தியம் பண்ணத் தெரியுமான்னு ஒரு வரி இல்ல. சரி, நேர்லயே கேப்போம்னு கேட்டேன். மருந்து விஷயத்துல தப்பு நடக்க இருந்து நீங்க தடுத்தது ஏதாச்சும் உண்டான்னு. ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அப்படி எதுவும் ஞாபகம் வரலைன்னாங்க."

பெரிய டாக்டர் நிமிர்ந்தார். ஞாபகம் வரவில்லையாம். அவளுக்கா ஞாபகம் வராது? எந்த நோயாளிக்கு எந்த வருடம் எந்த மாத்திரை மாறியது என்று தேதியோடு சொல்கிறவளுக்கா? குழுவில் இவர் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்து, இவர் மானம் போகக் கூடாது என்று, தன்னிடமிருந்த ஒரே துருப்புச் சீட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். நேர்முகத்திலும் அவள், 'மேடம், உங்களுக்கு ஒரு போன்' என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

தலைவர் இவர் பக்கம் திரும்பினார். "நீங்க சிபாரிசு பேசக் கூடாது. வழக்கமா எல்லாரையும் கேக்கற கேள்வி ஒண்ணுதான். கடிதத்துல சேக்க வேண்டியது, திருத்த வேண்டியது ஏதாச்சும் இருக்கா?"

இதைவிடப் பெரிய கதவை யாரும் திறந்து வைக்க முடியாது. நான் தப்பு செய்தேன், அவள் ஒரு உயிரைக் காப்பாற்றினாள். இரண்டே வாக்கியம். ஆபீஸ் அம்மா பேனாவை எடுப்பதற்குள் சொல்லி முடித்திருக்கலாம். பெரிய டாக்டர் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். ஏழு முகங்கள். இரண்டு பேர் இவரிடம் படித்தவர்கள். முப்பது வருடப் பேர் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து நின்றது. இன்னொன்றும் வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது: இவள் போய்விட்டால் வியாழக்கிழமை கிளினிக்கை யார் பார்ப்பது?

"இல்ல சார். எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

பேனா குவளையில் தட்டியது. அவள் பெயரை நூற்றுப் பன்னிரண்டாவது இடத்தில் வைத்தார்கள். ஊமை கண்ட கனவு என்பார்களே, ஊமைக்காவது வாய் இல்லை என்று சமாதானம் உண்டு.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெரிய டாக்டர் தலைவர் அறை வாசலில் நின்றார். தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உட்காரச் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டினார். தையல்காரர், அடியில் கிடந்த ரிப்போர்ட், ஈ.சி.ஜி., வராத போன், அழித்த பத்தி. தலைவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஆபீஸ் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். பட்டியல் நேற்று மாலை ஐந்து மணிக்கே கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, பூட்டியாகிவிட்டது, இனி கடவுளே வந்தாலும் திறக்காது என்றார் அந்த அம்மா.

"மருந்துத் தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார் தலைவர். "அறிக்கை எழுதிக் கொடுங்க, விசாரிப்பாங்க, முடிஞ்சிடும். நானே ரெண்டு எழுதியிருக்கேன். நேத்து நீங்க இதைச் சொல்லியிருந்தா உங்களை யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணை முதல் பத்துக்குள்ள போட்டிருப்போம்."

பெரிய டாக்டர் கிளம்பத் திரும்பினார்.

"இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. முதல் வருஷமே இதை எழுதியிருந்தா, இந்நேரம் அவங்க பயிற்சியே முடிச்சிருப்பாங்க. உங்களுக்கு அடுத்த அறையில உக்காந்திருப்பாங்க."

வீட்டில் கணக்கு வாத்தியார் முழுக் கதையையும் கேட்டார். அவர் எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறவர். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று ஆரம்பித்தார், மனைவி முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு, "அவகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

சொல்லவில்லை. முடிவு வர ஐந்து வாரம் இருந்தது, ஐந்து வாரமும் சொல்லவில்லை. முன்னால் இருக்கிற நூற்றுப் பதினோரு பேரும் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால், இவள் மேலே வரலாமே என்று ஒரு நப்பாசை. இருபத்து நாலு இடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு எப்படி வரும் என்று கணக்கு வாத்தியாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சின்ன டாக்டர் அந்த ஐந்து வாரமும் ஆடிப் பாடாத குறையாக வேலை செய்தாள். தன் இடத்துக்கு வரப்போகிறவருக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தாள், எந்த நோயாளிக்குக் காது கேட்காது, எந்த நோயாளி மாத்திரை சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பார், பெரிய டாக்டருக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு. பெரிய டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

முடிவு வந்த அன்று அவள் வழக்கம்போல முதல் ஆளாக வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. வரிசையை ஒழுங்கு பண்ணினாள், இருபத்தாறு பேருக்கு எடை பார்த்தாள். மதியம் டப்பாவைத் திறந்தாள்.

"வரலக்கா. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல, அவ்வளவுதான். பொண்ணுதான் காலண்டரைக் கிழிச்சுப் போட்டுட்டா." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தாள். "நீங்க நாலு வருஷம் எனக்காக எழுதினீங்க. அதை நான் மறக்க மாட்டேன்."

அந்த நன்றியை மட்டும் பெரிய டாக்டரால் விழுங்க முடியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, கைப்பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்து அவள் முன்னால் வைத்தார். படிக்கமாட்டேன் என்று குறி போட்டவள் அன்றுதான் முதல் தடவையாகப் படித்தாள். ஒரு பக்கம்தான். படித்து முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

"தையல்காரர் விஷயம் இதுல இல்ல."

"எழுதினேன். அழிச்சுட்டேன். எனக்கு அவமானமா இருந்தது. அன்னைக்குக் கூட்டத்துலயும் கேட்டாங்க, சேக்க ஏதாச்சும் இருக்கான்னு. இல்லைன்னு சொல்லிட்டேன். நான் உனக்குப் பண்ணது பாவம்மா. மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு வாய் இல்ல."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அழுவாள் என்று எதிர்பார்த்தார். இரண்டில் ஒன்று நடந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நேர்முகத்துல கேட்டாங்க" என்றாள் அவள், நிதானமாக. "நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நீங்க கடிதத்துல எப்படியும் எழுதியிருப்பீங்க, உங்களுக்கு எந்த அளவுக்குச் சொல்ல இஷ்டமோ அந்த அளவுக்கு எழுதியிருப்பீங்க, நான் வேற உளறி உங்களை மாட்டி விடக் கூடாதுன்னு முழுங்கிட்டேன்."

கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தாள். டப்பாவை மூடினாள்.

"மணி ரெண்டாகுது மேடம். வெளிய பதினாலு பேர் உக்காந்திருக்காங்க."

சாப்பாட்டு நேரத்தில் அவள் மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் வேலையை விடவில்லை. விடுவாள் என்று பெரிய டாக்டர் பயந்தார், பிறகு விட்டால் தேவலை என்றுகூட நினைத்தார். குடும்பம் இருக்கிறது, எங்கே போவாள்? காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். ஒரு ரிப்போர்ட்கூடத் தொலையவில்லை. கடிதத்தில் எழுதியிருந்ததில் ஒரு வரிகூடப் பொய்யாகவில்லை. பெரிய டாக்டர் தன் தப்பை அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். விசாரித்தார்கள், ஒரு எச்சரிக்கையோடு முடித்தார்கள். தலைவர் சொன்ன மாதிரியே, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தையல்காரர் பரிசோதனைக்கு வந்தார். இப்போது கைத்தடி வைத்திருந்தார், வாய் மட்டும் குறையவில்லை. பெரிய டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்தார், தேதியைப் பார்த்தார், மருந்து எழுதினார். ரத்த அழுத்தம் குறிக்க உள்ளே வந்த சின்ன டாக்டரின் கண் சீட்டில் ஒரு கணம் நின்றதைக் கவனித்தார். சீட்டில் ஏதோ தப்பாக எழுதிவிட்டோம் என்று புரிந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, அந்தப் 'போனுக்காக' எழுந்துகொள்ளத் தயாராக உட்கார்ந்தார். இத்தனை வருடப் பழக்கம்.

"மேடம், இது ஒரு வேளை மாத்திரை. நீங்க ரெண்டு வேளைன்னு எழுதியிருக்கீங்க."

தையல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆமா. தப்பா எழுதிட்டேன்" என்றார் பெரிய டாக்டர். அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

"நல்ல காலம். எங்க சின்ன டாக்டர் கண்ணுல படாம ஒண்ணும் போகாது" என்று தையல்காரர் பெருமையாகச் சொல்லி, எழுந்திருக்க அவளிடம் கையை நீட்டினார்.

அவள் அவர் கையைப் பிடித்து மெதுவாகத் தூக்கி நிறுத்தினாள்.

"நான் டாக்டர் இல்லீங்க ஐயா, உதவியாளர்தான்" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து அடுத்தவரைக் கூப்பிட்டாள்.